கதவைத் தட்டுவதற்கு முன்

மட்டாஞ்சேரிச் சந்துகளில் ஒரு வீட்டுக் குக்கர் விசில் நாலு வீட்டுக்குக் கேட்கும். செர்ளாயில் கொங்கணி, குஜராத்தி ரோட்டில் குஜராத்தி, மேமன் வீடுகளில் கச்சி, தக்னிக்காரர்களிடம் உருது, அருகில் ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் குடும்பங்களில் தமிழ். நடந்தே சுற்றிவரக்கூடிய இடத்துக்குள் இத்தனை மொழிகள். பஜார் ரோட்டில் லாரிக்கு வழிவிட்டு ஓரமாக நிற்கும் நேரத்துக்குள் மூன்று பேர் நலம் விசாரித்துவிடுவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட முடியுமா? முடியும். “என்ன, பையனை ஆளையே காணோம்?” என்று பக்கத்து வீட்டுச் சேச்சி கேட்பார். “ராத்திரி வேலை, பகல்ல தூங்குறான்” என்று அம்மா சமாளிப்பார். அந்த ஒரு பதிலில் ஒரு வருடம் ஓடிவிடும்.

இந்த அத்தியாயம் அந்த அம்மாவுக்கும் அந்தச் சேச்சிக்கும் உரியது. வீட்டுக்குள் முடங்கிவிட்டவரை எப்படி வெளியே கொண்டுவருவது என்றுதான் குடும்பங்கள் முதலில் கேட்கின்றன. ஆனால் முதல் வேலை வெளியே இருப்பவர்களுடையது. உள்ளே இருப்பவர் ஒரு அடிகூட எடுத்துவைக்காத கட்டத்திலேயே சிகிச்சை தொடங்கிவிட முடியும். அது எப்படி என்பதைத்தான் இங்கே விளக்க வேண்டியிருக்கிறது.

உலகத்தில் இப்படிப்பட்ட முடக்கத்தை அதிகம் ஆராய்ந்த நாடு ஜப்பான். மனநல மருத்துவர் தமாகி சைத்தோ 1998இல் எழுதிய நூலுக்குப் பிறகு ‘ஹிகிகொமோரி’ என்ற பெயர் எல்லா நாடுகளுக்கும் பரவியது. படிப்பு, வேலை, நட்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு 6 மாதமோ அதற்கு மேலோ வீட்டுக்குள்ளேயே ஒடுங்கியிருக்கும் நிலை அது. 2016இல் அந்நாட்டு அரசு வெளியிட்ட கணக்கின்படி 15 முதல் 39 வயதுக்குள் இப்படி இருந்தவர்கள் சுமார் 5,41,000 பேர். இளைஞர்களின் பிரச்சினை என்றே அதுவரை பேசப்பட்டது. 2019இல் 40 முதல் 64 வயதுக்காரர்களின் கணக்கு வந்தபோது அது இன்னும் பெரிதாக இருந்தது: 6,13,000. இருபது வயதில் கதவடைத்தவர்களில் பலர் அப்படியே ஐம்பதைத் தொட்டிருந்தார்கள். எண்பது வயதுப் பெற்றோர் அவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். 2023இல் வெளியான மதிப்பீட்டில் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 14,60,000.

இது ஜப்பானியர்களின் குணம், நமக்கு வராது என்று ஒதுக்குவதற்கில்லை. இந்தியா, ஜப்பான், தென்கொரியா, அமெரிக்கா ஆகிய 4 நாடுகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, நான்கிலும் இந்த நிலையில் உள்ளவர்களைக் கண்டறிந்தது.

எந்த அளவு முடக்கம் என்று கணிக்க ஒரு எளிய அளவுகோல் உண்டு. தகாஹிரோ கதோ, ஷிகேனோபு கன்பா, ஆலன் டியோ ஆகிய மூவரும் 2020இல் முன்வைத்தது. வாரத்தில் 2, 3 நாள் மட்டும் வெளியே வந்தால் லேசானது. ஒரு நாளோ அதற்கும் குறைவோ என்றால் நடுத்தரம். அறையைவிட்டே அரிதாகத்தான் வருகிறார் என்றால் தீவிரம். இந்த வாரம் எத்தனை நாள் வாசலைத் தாண்டினார் என்று குடும்பத்தினர் ஒரு நாட்காட்டியில் குறித்துவைப்பது நல்லது. மருத்துவரிடம் போகும்போது ‘ரொம்ப நாளா இப்படித்தான்’ என்ற பதிலைவிட அந்தத் தாள் பல மடங்கு உதவும்.

மட்டாஞ்சேரியின் சின்ன வீடுகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. புத்தகங்கள் சொல்லும் ‘மூடிய அறை’ இங்கே பல வீடுகளில் கிடையாது. ஒரே கூடத்தில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் ஒருவர் ஒதுங்குவது வேறு விதமாகத் தெரியும். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பார். பகலில் தூங்கி, எல்லோரும் படுத்தபின் எழுந்திருப்பார். சொந்தக்காரர் வரும் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் போய்விடுவார். பெருநாள், கல்யாணம், திருவிழா எதற்கும் ‘நீங்க போங்க’ என்பார். காதில் ஹெட்போன், கையில் போன்: அதுவே அவருடைய அறை. ஆள் கண்முன்னே இருப்பதால் குடும்பத்துக்கு இது முடக்கம் என்றே படாது. மாடி அடுக்ககங்களில் நேர் எதிர்ச் சிக்கல். கொச்சி மாநகராட்சி துருத்தியில் கட்டிய இரட்டைக் கோபுரம் போன்றவற்றுக்கு, வரிசை வீடுகளிலிருந்து குடும்பங்கள் குடிபெயர்கின்றன. மழைக்கு ஒழுகாத வீடு கிடைப்பது பெரிய காரியம்தான். ஆனால் திண்ணையில்லாத பத்தாவது மாடியில் ஒரு வயதானவர் எத்தனை நாளாகக் கீழே இறங்கவில்லை என்பதை யாராவது வேண்டுமென்றே கவனித்தால்தான் உண்டு.

முடக்கம் தன்னளவில் ஒரு நோயின் பெயர் அல்ல. காய்ச்சலைப் போல, பல நோய்களின் வெளித்தோற்றம். அதனால்தான் ‘சோம்பேறித்தனம்’, ‘திமிர்’, ‘யாரோ செய்வினை வச்சுட்டாங்க’ போன்ற தீர்ப்புகள் இவ்வளவு கேடு செய்கின்றன. மனச்சோர்வில் மனிதருக்கு எதிலும் விருப்பம் இருக்காது. பிடித்த மீன்குழம்பும் ருசிக்காது. சமூகப் பதற்றத்தில் விருப்பம் இருக்கும், பயம் தடுக்கும். நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற எண்ணமே வியர்க்கவைக்கும். மனச்சிதைவின் தொடக்கத்தில் பேச்சு குறையும், முகம் உணர்ச்சியற்றுப் போகும், அக்கம்பக்கத்தார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்ற சந்தேகம் வரும். குடி, கஞ்சா, ஓயாத விளையாட்டுச் செயலிகள் சில வீடுகளில் காரணமாகவும் சில வீடுகளில் விளைவாகவும் இருக்கும். ஆட்டிசம் சிறுவயதில் கண்டறியப்படாமல் வளர்ந்தவர்கள், பள்ளியில் கேலிக்கு ஆளானவர்கள், துணையை இழந்தவர்கள் என்று பட்டியல் நீளும்.

உடலையும் மறக்கக்கூடாது. தைராய்டு குறைவும் பி12 சத்துக் குறைவும் ஒருவரைச் சோர்ந்து சுருண்டுபோக வைக்கும். இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். வயதானவர்களிடம் முதலில் காதைச் சோதிக்க வேண்டும். காது மந்தமானவர் பேச்சில் பாதியைத் தவறவிடுவார், தப்பாகப் பதில் சொல்லி நாலு பேர் சிரிப்பார்கள், பிறகு மெல்லக் கூட்டத்தைத் தவிர்ப்பார். வீட்டில் அதை ‘அப்பாவுக்கு இப்ப யாரையும் பிடிக்கல’ என்று புரிந்துகொள்வார்கள். மறதிநோய் பற்றிய லான்செட் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 காரணிகளில் காது கேளாமை, சமூகத் தனிமை இரண்டுமே இருக்கின்றன. ஒரு காதொலிக் கருவி சில வீடுகளில் தாத்தாவைத் திரும்ப டீக்கடைக்கு அனுப்பியிருக்கும்.

துறைமுகத்தையும் பஜாரையும் நம்பி வாழ்ந்த ஆண்களுக்கு இந்த ஊரில் தனிக் கவனம் தேவை. ஒரு காலத்தில் இங்கே வேலைக்கான ‘சாப்பா’ எனும் தகட்டு வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசுவார்கள்; பாய்ந்து பிடித்தவனுக்கு அன்றைய கூலி. அதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். 1957இல் மிளகு வணிகத்துக்கான சங்கம் யூதத் தெருவில் உருவாகி, தரகர்கள் ஒரே கூடத்தில் கூடி விலை கூவினார்கள். பிறகு சரக்கு கன்டெய்னருக்குப் போனது, ஏலம் கணினித் திரைக்குப் போனது. சுமை தூக்கியவருக்கும் விலை கூவியவருக்கும் தோழமை என்பது வேலையோடு சேர்ந்தே வந்தது. தனியாக ஒருவரைக் கூப்பிட்டுப் பேசிப் பழகியதில்லை. வேலை நின்ற நாளில் சம்பளத்தோடு நாலு பேரும் போய்விடுகிறார்கள். ‘ஓய்வா இருங்கப்பா’ என்று நாற்காலியில் உட்காரவைப்பது இவர்களுக்குச் செய்யும் உபகாரம் அல்ல. ரேஷன் கடை, பேரனைப் பள்ளியில் விடுவது, பள்ளிவாசல் அல்லது கோயில் கணக்கு என்று வேறு நாலு பேரைச் சந்திக்க வைக்கும் பொறுப்பு ஒன்றாவது அவர் கையில் இருக்க வேண்டும்.

சரி, எங்கே தொடங்குவது?

உள்ளே இருப்பவர் மருத்துவமனைக்கு வரமாட்டார். வரக்கூடியவராக இருந்தால் இந்த அத்தியாயமே தேவையில்லை. பெரும்பாலான குடும்பங்கள் ‘அவன் சம்மதிச்சாத்தானே கூட்டிட்டுப் போக முடியும்’ என்று காத்திருந்து வருடங்களை இழக்கின்றன. ஜப்பான் சுகாதார அமைச்சகம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வேறு வரிசையைச் சொல்கிறது: முதலில் குடும்பத்துக்கு ஆலோசனை, பிறகு முடங்கியவரோடு தனியாகப் பேச்சு, பிறகு சிறு குழு, கடைசியில்தான் வேலை. அதாவது அம்மாவோ அண்ணனோ தனியாக மருத்துவரைப் போய்ப் பார்க்கலாம், பார்க்க வேண்டும். நாட்காட்டித் தாளோடு போய், தூக்கம், சாப்பாடு, பேச்சு, குளியல் எல்லாவற்றையும் சொல்லி, அடுத்த ஒரு மாதம் வீட்டில் என்ன செய்வது என்று கேட்டு வர வேண்டும்.

வாசலுக்குத் தேடிப் போகும் வழக்கம் கேரளத்துக்குப் புதிதல்ல. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண சிகிச்சைச் சங்கம், படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கே தன்னார்வலர்களை அனுப்பிப் பழக்கியது. 2008இல் அதற்கென மாநிலக் கொள்கையே வந்தது. அதே ஆண்டு கோழிக்கோட்டில் மருத்துவர் மனோஜ் குமார் தொடங்கிய ‘மென்டல் ஹெல்த் ஆக்‌ஷன் டிரஸ்ட்’ தீவிர மனநோய் உள்ள ஏழைகளுக்கு அக்கம்பக்கத் தன்னார்வலர்களைக் கொண்டு இலவச சிகிச்சை தந்துவருகிறது. கொரோனா தொடங்கியதும், 2020 பிப்ரவரியில் மாநில சுகாதாரத் துறை ‘ஒற்றைக்கல்ல ஒப்பமுண்டு’ என்ற பெயரில், தனிமைப்படுத்தப்பட்டவர்களைத் தானே போனில் அழைத்துப் பேசியது. அழைப்பு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அந்த ஒரு முடிவில் பெரிய பாடம் இருக்கிறது. துயரத்தில் இருப்பவரிடம் ‘ஏதாவது வேணும்னா கூப்பிடு’ என்று சொல்லிவிட்டுப் போவதால் பயன் குறைவு. கூப்பிடும் சக்தி இருந்தால் அவர் இந்த நிலைக்கே வந்திருக்கமாட்டார்.

ஆகவே வார்டில் உள்ள ஆஷா பணியாளரிடம் சொல்லுங்கள். கேரளத்தில் வீடு வீடாகப் போய் மனநலப் பிரச்சினை உள்ளவர்களை அடையாளம் காண்பதும் அவர்களுடைய வேலைகளில் ஒன்று. குடும்ப சுகாதார மையங்களில் ‘ஆஷ்வாசம்’ திட்டத்தின் கீழ் மனச்சோர்வைச் சில கேள்விகளால் கணிக்கிறார்கள். தேவைப்பட்டால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவருக்கு அனுப்புகிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வீட்டுக்குள் பேசுவது தனிக் கலை. “உன் வயசுல நான் நாலு பேருக்குச் சோறு போட்டேன்” என்ற வாக்கியம் ஒரு கதவைக்கூட இதுவரை திறந்ததில்லை. “எப்ப வேலைக்குப் போகப்போற?” என்ற கேள்வியும் அப்படியே. பதில் எதிர்பார்க்காத பேச்சிலிருந்து தொடங்க வேண்டும். “மழை பிடிச்சிருக்கு, துணியை உள்ள எடுத்துட்டேன்.” “கரிமீன் வாங்கியிருக்கேன், ஒன்பது மணிக்குப் பொரிப்பேன்.” ஒரு நாளைக்கு இப்படி இரண்டு மூன்று வாக்கியம் போதும். பதில் வராவிட்டால் முகம் சுளிக்கக்கூடாது. முதல் பதில் ‘ம்’ என்று வரலாம். அதைக் கொண்டாடித் தொந்தரவு செய்யவும் கூடாது. ராத்திரி விழித்திருப்பவராக இருந்தால், வீட்டில் ஒருவர் வாரத்தில் ஒருநாளாவது அவர் நேரத்துக்கு உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடலாம். இணையத்தைத் திடீரென்று வெட்டுவதும் போனைப் பிடுங்குவதும் வேண்டாம்; அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே உலகத்தொடர்பு அதுவாக இருக்கலாம், பிடுங்கினால் வெடிக்கவும் செய்யலாம். போன் பயன்பாடே மையச் சிக்கல் என்றால், பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் 2014இல் தொடங்கிய ‘ஷட்’ கிளினிக் போன்ற இடங்களில் ஆலோசனை பெற்றுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே இருக்கும் கும்பளங்கியில் நடக்கும் கதை, 2019இல் வந்த ‘கும்பளங்கி நைட்ஸ்’ படம். அதில் சௌபின் சாஹிர் நடித்த சஜி, நண்பனின் சாவுக்குப் பிறகு உடைந்துபோய், தன் மனம் தன் கைக்குள் இல்லை என்று பள்ளி வயதுத் தம்பியிடம் சொல்லி, மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொல்கிறான். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் அழுது தீர்க்கிறான். மீசை முறுக்கும் நாயகர்களையே பார்த்துவந்தவர்களுக்கு அந்தக் காட்சி ஒரு பாதையைக் காட்டியது. பேச முடியாத வீடுகளில் அந்தப் படத்தைச் சேர்ந்து பார்ப்பதே ஒரு பேச்சாக அமையலாம்.

வெளியே வரும் படிகளை மிகச் சிறியதாக வைக்க வேண்டும். கோவாவில் ‘சங்காத்’ அமைப்பு நடத்தி 2017இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள், கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களை ஆறு முதல் எட்டுச் சந்திப்புகளில் மெல்லச் செயலுக்குத் திருப்பினார்கள். நல்ல பலன் கிடைத்தது. மனநிலை சரியாகட்டும், பிறகு செய்கிறேன் என்று காத்திராமல், சிறிதாகச் செய்யத் தொடங்கினால் மனநிலை பின்னாலேயே வரும் என்பதே அந்த முறையின் அடிப்படை. மட்டாஞ்சேரியில் இதற்கு வசதி அதிகம். முதல் வாரம் இரவு பத்து மணிக்குக் குப்பைப் பையோடு வாசல்வரை. அடுத்து, சந்து முனைக் கடை; கடைக்காரரிடம் வீட்டார் முன்கூட்டியே ‘எங்கப்பா இத்தனை நாளாக் காணோம்னு கேட்காதீங்க’ என்று சொல்லிவைக்க வேண்டும். பிறகு படகுத்துறை. பிறகு 2018 முதல் ஓடும் ஃபோர்ட் கொச்சி–வைப்பின் ரோ-ரோ படகு: யாரோடும் பேசத் தேவையில்லாத, சில நிமிடத்தில் முடிந்துவிடும் பயணம். இன்றைக்கு ஏற முடியவில்லையா, துறையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாலும் அது கணக்கில் சேரும்.

இன்னொரு வசதி பாட்டு. பாடகர் மெஹபூப், கஜல் கலைஞர் உம்பாயி இருவரும் இந்த மண்ணில் வளர்ந்தவர்கள். இரவில் கூடி இசை கேட்கும் பழக்கம் இங்கே இன்னும் சாகவில்லை. பேச வேண்டிய கட்டாயம் இல்லாமல் மனிதர்களோடு உட்கார்ந்திருக்கச் சிறந்த இடம் அதுதான்.

வயதான காலத்துத் தனிமைக்கு மட்டாஞ்சேரி ஒரு பெரிய பதிலையே தந்திருக்கிறது. 1948க்குப் பிறகு இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து யூதத் தெருவின் குடும்பங்கள் கரைந்துபோயின. அங்கேயே தங்கிவிட்ட யூதப் பெண் சாரா கோஹன், கணவர் ஜேக்கப் இறந்தபின் பிள்ளைகள் இல்லாமல் தனித்தார். சிறுவனாக அந்தத் தெருவுக்கு அஞ்சலட்டை விற்க வந்து அவர்கள் வீட்டோடு ஒட்டிக்கொண்டவர் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம். 2019 ஆகஸ்ட் 30 அன்று 96 வயதில் சாரா இறக்கும்வரை அவரைப் பார்த்துக்கொண்டவரும், அவருடைய பூவேலைக் கடையை நடத்தியவரும் தாஹாதான். தாஹா தினமும் வந்தார் என்பது பாதி விஷயம். மறுபாதி, சாராவை அவர் வெறும் நோயாளியாக ஆக்கிவிடவில்லை என்பது. கடை சாராவின் பெயரிலேயே இருந்தது. சன்னலோரத்தில் உட்கார்ந்து தெருவோடு உறவாடும் இடம் அவருக்கு இருந்தது. முடங்கியவருக்கு உதவுகிறவர்கள் இதைத்தான் பின்பற்ற வேண்டும்.

இனி, காத்திருக்கவே கூடாத நிலைகள். 16 முதல் 25 வயதுக்குள் ஒருவர் சில வாரங்களிலேயே மாறிப்போய், தூக்கம் கெட்டு, தனக்குத்தானே பேசி, சன்னலைத் துணியால் மறைத்து, சாப்பாட்டைச் சந்தேகித்தால் உடனே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 6 மாத அளவுகோல் இங்கே செல்லாது. மனச்சிதைவில் சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் மீட்பைக் கடினமாக்குகிறது. சாவைப் பற்றிப் பேசுவது, பிடித்த பொருள்களை எடுத்துக் கொடுப்பது, விடைபெறுவதுபோலப் பேசுவது, நெடுநாள் கலக்கத்துக்குப் பிறகு காரணமில்லாமல் திடீரென அமைதியாவது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். ‘செத்துரலாம்னு தோணுதா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. தனியாகச் சுமந்ததை இறக்கிவைக்க ஒரு இடம் கிடைக்கும். ‘ஆமாம்’ என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், மருந்து மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

கட்டிவைப்பதும் அடிப்பதும் எந்தச் சூழலிலும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகி இறந்ததை மறந்தவர்கள் இருக்கக்கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை முற்றாகத் தடை செய்கிறது. உயிருக்கு ஆபத்தான அவசரத்தில், பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம்வரை அவசர சிகிச்சை தருவதற்கு அதே சட்டம் இடம் தருகிறது.

மட்டாஞ்சேரியிலும் வெல்லிங்டன் தீவின் வாத்துருத்தியிலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் மனசில் இருப்பதை மலையாளத்தில் சொல்லத் தயங்குவது உண்டு. 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் ‘டெலி மானஸ்’ எண் 14416. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் கிடைக்கும், தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். முடங்கியவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அவர் சம்மதத்துக்குக் காத்திராமல், நீங்கள் முதலில் அழையுங்கள்.